தூக்குப் பாலத்தில் குதிரை ஏன் நின்றுவிடுகிறது?

கேரளத்தின் புனலூர் தூக்குப் பாலத்தைப் பற்றிச் செங்கோட்டை, ஆரியங்காவு பக்கத்தில் இரண்டு விஷயங்கள் சொல்வார்கள். 1877-ல் வேலை முடிந்ததும் ஆறு யானைகளைச் சேர்ந்தாற்போல் பாலத்தில் நடக்கவிட்டு, அதைக் கட்டிய ஆல்பர்ட் ஹென்றி தன் குடும்பத்தோடு கீழே கல்லடா ஆற்றில் இருந்து பார்த்தார் என்பது ஒன்று. இது வாய்வழியாக வந்த கதை. பலகைத் தளம் ஆடுவதால் காட்டு மிருகங்கள் அதில் கால் வைக்காது, அதனால் காட்டுப் பக்கத்திலிருந்து ஊருக்குள் வராது என்பது இன்னொன்று. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆறு யானை ஏறினாலும் தாங்கும், ஆனால் எந்த மிருகமும் தானாக ஏறாது. சொல்வது ஒரே பாலத்தைப் பற்றித்தான்.

பாலம் எடையைத் தாங்குவது ஒரு கணக்கு, அதை நம்பி ஒரு மிருகம் கால் எடுத்து வைப்பது வேறொரு கணக்கு. பெரிய பள்ளத்தாக்குகளின் மேல் தொங்கும் பாலங்களில் குதிரையையும் கோவேறு கழுதையையும் ஓட்டிப் போகிற வீடியோக்கள் இப்போது எல்லோர் கைப்பேசிக்கும் வருகின்றன. அதில் ஒரு மிருகம் பாலத்தின் வாயில் நின்று மூக்கைத் தாழ்த்தி முரண்டு பிடித்தால் கழுதைப் பிடிவாதம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அது பிடிவாதம் இல்லை என்பதுதான் என் கட்சி. அந்த மிருகம் பாலத்தைச் சோதித்துப் பார்க்கிறது. அது எதைச் சோதிக்கிறது என்று புரிந்துகொண்டவர்கள் கட்டிய பாலங்களில் கோவேறு கழுதைகள் பல தலைமுறைகளாக நடக்கின்றன, புரியாமல் கட்டிய பாலங்களில் நடப்பதில்லை.

முதலில் கண். குதிரைக்குக் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் கிட்டத்தட்ட 350 பாகை சுற்றளவு பார்த்துவிடும், பின்னால் வருகிற நரியைக்கூடத் தலையைத் திருப்பாமல் கவனிக்கும். ஆனால் நெற்றிக்கு நேர் முன்னாலும் மூக்குக்குக் கீழேயும் அதற்குத் தெரியாத இடம் ஒன்று உண்டு. தூரத்தையும் ஆழத்தையும் சரியாக மதிப்பிட இரண்டு கண்ணும் சேர்ந்து ஒரே பொருளைப் பார்க்க வேண்டும், அப்படிச் சேர்ந்து பார்க்கிற பகுதி அதற்குக் குறைவு. அதனால் காலடியில் இருப்பதைப் பார்க்கத் தலையைத் தாழ்த்தியே ஆக வேண்டும். மேலே உட்கார்ந்திருப்பவர் பயந்துபோய்க் கடிவாளத்தை இறுக்கிப் பிடித்தால் தலை மேலே தூக்கிக்கொள்ளும், அந்த நொடியிலிருந்து பலகை அதன் கண்ணில் படாது. பாலத்தின் வாயில் பெரும்பாலான சண்டை இங்கேதான் தொடங்குகிறது. பார்க்கவிடாமல் செய்துவிட்டு ஏன் நடக்கவில்லை என்று அடிக்கிறோம்.

வெளிச்சமும் சேர்ந்துகொள்ளும். இருட்டில் குதிரை நம்மைவிட நன்றாகப் பார்க்கும், ஆனால் வெயிலிலிருந்து நிழலுக்கும் நிழலிலிருந்து வெயிலுக்கும் மாறும்போது அதன் கண் பழக நம்மைவிட அதிக நேரம் எடுக்கும். பலகை இடுக்குகள் வழியாகக் கீழே பளபளக்கும் தண்ணீர், மேலே கயிறுகளின் நிழல் கோடு கோடாக, இரண்டும் கலந்தால் தரை எது பள்ளம் எது என்றே அதற்குப் பிரித்துச் சொல்ல முடியாது. அப்புறம் சத்தம்: கெட்டி மண்ணில் ஒரு மாதிரி கேட்கும் லாடம், வெற்றிடத்துக்கு மேலே கிடக்கிற பலகையில் மத்தளம் மாதிரி அதிரும். நான்கு கால் பிராணிக்கு நிலம் ஆடுவது என்பது இயற்கையில் சேறு, சரிவு, உடைகிற கரை என்று ஆபத்தோடு மட்டுமே வருகிற அனுபவம். அது பின்வாங்குவதில் தவறே இல்லை.

கோவேறு கழுதையை மலைக்காரர்கள் ஏன் விரும்புகிறார்கள் என்பதற்கும் இங்கேதான் விடை இருக்கிறது. ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறப்பது அது. குதிரைக்கு 64 குரோமோசோம், கழுதைக்கு 62, இதற்கு 63, அதனால்தான் இனவிருத்தி ஆகாது. உடம்பு குதிரையிடமிருந்து, குணத்தில் பாதி கழுதையிடமிருந்து. குதிரை புல்வெளியில் கூட்டமாக வாழ்ந்த பிராணி, பயந்தால் ஓட்டம்தான் அதற்குத் தெரிந்த முதல் வழி. கழுதை வறண்ட, கல் நிறைந்த நிலத்துப் பிராணி. அங்கே கண்மூடித்தனமாக ஓடினால் கால் முறியும், ஆகவே பயந்தால் நின்று யோசிக்கும். ஐந்தடி அகலப் பாலத்தின் நடுவில் ஒரு மிருகம் பயந்துபோனால் அது ஓட வேண்டுமா நிற்க வேண்டுமா என்று உங்களைக் கேட்டால் என்ன சொல்வீர்கள்? நின்று யோசிக்கிற அந்தக் குணத்துக்குத்தான் நாம் பிடிவாதம் என்று பெயர் வைத்திருக்கிறோம். குளம்பும் குதிரையுடையதைவிடக் குறுகலாக, செங்குத்தாக, கெட்டியாக இருக்கும். குறுகிய தடத்தில் அது பெரிய உதவி.

இந்த விஷயத்தில் உலகத்திலேயே நன்றாகத் தெரியவரும் பாடம் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கொலராடோ ஆறு அறுத்த கிராண்ட் கேன்யனில் இருக்கிறது. ஏறக்குறைய 1.6 கிலோமீட்டர் ஆழம். அடிவாரத்தில் ஆறு, இரு பக்கமும் சுவர் மாதிரிப் பாறை. 1907-ல் டேவிட் ரஸ்ட் என்பவர் ஆற்றின் குறுக்கே கம்பி வடம் கட்டி ஒரு கூண்டைத் தொங்கவிட்டார். ஒரு கோவேறு கழுதை நிற்கும் அளவு கூண்டு, ஒவ்வொன்றாக ஏற்றி இழுத்துக் கடத்த வேண்டும். 1921-ல் முதல் தொங்குபாலம் வந்தது. பாலம் வந்ததே தவிரப் பிரச்சினை தீரவில்லை, ஏனென்றால் அது லேசான பாலம், காற்றடித்தால் ஊஞ்சலாடியது; சவாரி வந்தவர்கள் இறங்கி, மிருகங்களை ஒவ்வொன்றாகத்தான் நடத்திக்கொண்டு போக வேண்டியிருந்தது. எடையைப் பொறுத்தவரை அது போதுமான பாலம்தான். நம்பிக்கையைப் பொறுத்தவரை போதவில்லை.

1928-ல் அதற்குப் பதிலாகக் கட்டியதுதான் இன்றும் நிற்கிற கைபாப் பாலம், கறுப்புப் பாலம் என்று அங்கே சொல்கிறார்கள். நீளம் 440 அடி, அகலம் 5 அடி. கட்டுமானச் சாமான்கள் எல்லாம் கோவேறு கழுதைகள் முதுகில் கீழே இறங்கின, ஆனால் பிரதான வடங்களை அப்படி இறக்க முடியவில்லை. ஒவ்வொன்றும் 550 அடி நீளம், கிட்டத்தட்ட ஒரு டன் எடை, துண்டாக வெட்டவும் கூடாது. வளைந்து வளைந்து இறங்குகிற தடத்தில் அத்தனை நீள இரும்பைப் பல மிருகங்களின் மேல் ஒரே நேரத்தில் கட்டினால், ஒன்று சறுக்கினால் எல்லாம் போகும். கடைசியில் ஹவசுபாய் பழங்குடியைச் சேர்ந்த 42 ஆண்கள் வரிசையாக நின்று, வடத்தைத் தோளில் போட்டு, ஒரே நடையாக அடிவாரம்வரை கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஒன்றை இறக்கிவிட்டு மேலே ஏறி வந்து அடுத்ததைத் தூக்கினார்கள். அந்தப் பாலத்தைப் படம் பிடிக்கிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நினைக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். நம் மலைச்சாலைகளையும் ரயில் பாதையையும் யார் தோள் சுமந்தது என்பதும் இப்படித்தான் மறந்துபோயிற்று.

சரி, கறுப்புப் பாலத்தில் என்ன மாற்றினார்கள்? இரு பக்கமும் இரும்புச் சட்டங்களைப் பின்னிக் கொடுத்துத் தளத்தை விறைப்பாக்கினார்கள், அதனால் மிருகம் நடக்கும்போது அலை மாதிரி எழுந்து விழாது. காற்றில் ஆடாமல் இருக்கத் தனி வடங்களைப் பக்கவாட்டில் கட்டினார்கள். தளம் மூடிய பலகை, கீழே ஆறு தெரியாது. பக்கவாட்டில் வலை. தென்கரையில் பாறையைக் குடைந்த ஒரு சிறிய குகை வழியாகத்தான் பாலத்துக்குள் நுழைய வேண்டும், இருட்டிலிருந்து திடீரென்று ஆற்றுக்கு மேலே வெளிச்சத்தில் கால் வைக்கிற அந்த இடம் குதிரைக் கண்ணுக்கு மிகவும் கடினமான இடம். ஆனாலும் அடிவாரத்தில் இருக்கிற பேன்டம் ராஞ்ச் விடுதிக்கு ஆட்களையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு கோவேறு கழுதைகள் இன்றும் அந்த வழியாகவே போய்வருகின்றன, சவாரி செய்கிறவர்கள் முதுகில் உட்கார்ந்தபடியே கடக்கிறார்கள்.

அதே ஆற்றில் கொஞ்சம் கீழே 1960-களின் கடைசியில் இன்னொரு தொங்குபாலம் கட்டினார்கள். வெள்ளிப் பாலம். தண்ணீர்க் குழாயை அக்கரையிலிருந்து இக்கரைக்குக் கொண்டுவரக் கட்டியது, அதன்மேல் நடப்பவர்களும் போகலாம். தளம் திறந்த இரும்புச் சல்லடை, குனிந்தால் காலுக்குக் கீழே ஆறு ஓடுவது தெரியும். இந்தப் பாலத்தில் கோவேறு கழுதைகள் போவதில்லை. 1928-ல் கட்டியதில் நடக்கின்றன, நாற்பது வருஷம் கழித்துக் கட்டியதில் நடப்பதில்லை. புதிய பாலம் பலவீனமானது என்பதால் இல்லை. அது மனிதக் காலுக்கும் குழாய்க்கும் மட்டும் யோசித்துக் கட்டியது.

ஆனால் இரும்புத் தளம் என்றாலே மிருகம் நடக்காது என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. நேபாளத்தைப் பாருங்கள். அங்கே மலைக் கிராமங்களை இணைக்கிற பாலங்கள் சுவிட்சர்லாந்தின் தொழில்நுட்ப உதவியோடு ஆயிரக்கணக்கில் வந்துவிட்டன, பலவற்றின் தளம் இரும்புதான், இடுக்கு இருக்கிறது, ஆட்டமும் இருக்கிறது. நாம்சே பஜார் போகிற வழியில் தூத் கோசி ஆற்றின் மேல் உயரத்தில் தொங்கும் ஹிலாரி பாலத்தில் கோவேறு கழுதைகளும் யாக்-மாட்டுக் கலப்பினங்களும் மணி கட்டிக்கொண்டு வரிசையாகப் போகின்றன. பர்வத் மாவட்டத்துக் குஷ்மா பாலம் 344 மீட்டர் நீளம், நூறு மீட்டருக்கு மேல் உயரம். அங்கே இது எப்படி முடிகிறது என்றால், இடுக்குகள் குளம்பு சிக்காத அளவு குறுகலாக இருக்கின்றன, மிருகமும் குட்டியிலிருந்தே தாயின் பின்னாலும் முன்னோடி மிருகத்தின் பின்னாலும் நடந்து பழகியிருக்கிறது. இன்னொன்றும் முக்கியம். அந்த நடைபாலங்களுக்கு 70 சென்டிமீட்டர், 106 சென்டிமீட்டர் என்று இரண்டு அகலம் வைத்திருக்கிறார்கள். பொதி கட்டிய மிருகம் உடம்பைவிட அகலமானது, மூட்டை பக்கக் கம்பியில் உரசினால் அதற்குப் பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பது போலத் தெரியும், முன்னால் பாயும். அகலப் பாலம் எதற்கு என்று கேட்டால் அதுதான் பதில்.

இப்போது எடைக்கு வருவோம், இங்கேயும் பலருக்கு ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. தொங்குபாலம் என்றதும் வடம் அறுந்துவிடுமோ என்றுதான் பயப்படுகிறோம். ஒழுங்காகக் கட்டிய பாலத்தில் ஒரு மிருகத்தின் எடை வடத்துக்கு ஒரு பொருட்டே இல்லை, ஆபத்து பலகையில். நல்ல வளர்த்தியான கோவேறு கழுதை 400 கிலோ இருக்கும், பொதியோடு 500-ஐத் தொடலாம். நடக்கும்போது சில கணங்களில் இரண்டு கால் மட்டுமே தரையில் இருக்கும், அப்படியானால் உள்ளங்கை அகலக் குளம்பு ஒன்றின் கீழே 250 கிலோ. 70 கிலோ மனிதர்கள் பத்து வருஷம் நடந்தும் உடையாத பலகை, ஒரே ஒரு குளம்பில் உடையலாம். அதுவும் தென்மேற்குப் பருவமழை வெளுத்து வாங்குகிற நம் பக்கத்தில், மேலே நன்றாகத் தெரிகிற பலகை ஆணி அடித்த இடத்தில் உளுத்துப் போயிருக்கும், பாசி படிந்திருந்தால் இரும்பு லாடம் வழுக்கவும் செய்யும். பாலத்தின் பலகையைத் தனித்தனியாகச் சோதிக்காமல் மொத்தப் பாலம் இத்தனை டன் தாங்கும் என்று எழுதி வைப்பதால் மிருகத்துக்கு ஒரு பாதுகாப்பும் இல்லை.

தாளமும் ஒரு விஷயம். 1831-ல் இங்கிலாந்தில் மான்செஸ்டருக்குப் பக்கத்தில் பிராட்டன் தொங்குபாலத்தில் 74 சிப்பாய்கள் ஒரே காலடியில் நடந்துபோனபோது பாலம் துள்ளி ஒரு பக்கம் இடிந்தது. 1850-ல் பிரான்சின் ஆங்ழே நகரில் புயல் காற்றில் ஒரு படைப்பிரிவு போய்க்கொண்டிருந்தபோது பாலம் விழுந்து 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அங்கே வடத்தின் பிடிமானமும் துருப்பிடித்திருந்தது. அதற்கப்புறம் பாலத்தில் படை நடந்தால் காலடியைக் கலைத்து நடக்க வேண்டும் என்ற வழக்கம் ஊன்றிவிட்டது. குதிரை மெதுவாக நடக்கும்போது நான்கு காலும் தனித்தனியாக விழும், நான்கு தட்டு. பெருநடையில் ஓடும்போது எதிரெதிர் மூலைக் கால்கள் இரண்டு சேர்ந்தே விழும், இரண்டே தட்டு, ஒவ்வொன்றும் கனமானது, ஒரே சீரானது. லேசான பாலம் அந்தச் சீருக்கு ஒத்து ஆடத் தொடங்கினால் ஒவ்வொரு அடியும் ஆட்டத்தைக் கூட்டும். நடையைவிட வேகமாக ஓட்டினால் அபராதம் என்று அமெரிக்கப் பழைய பாலங்களின் வாயில் பலகை மாட்டியிருந்தது இதனால்தான். வரிசையாக நடக்கிற பொதிமிருகங்கள் சிப்பாய்களைப் போல ஒரே காலடி வைப்பதில்லை என்பது நமக்கு ஒரு நல்ல செய்தி.

நம் தமிழக-கேரள எல்லைப் பக்கத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். புனலூர்ப் பாலம் மாட்டு வண்டிக் காலத்துப் பாலம், சுமார் 400 அடி நீளம், கற்கோபுரங்களிலிருந்து இரும்புச் சங்கிலிகள் தொங்க, மேலே மரத்தளம். செங்கோட்டை அப்போது திருவிதாங்கூரின் பகுதி, கணவாய் வழியாகக் கொல்லத்துக்குப் போகிற சரக்கு அதன்மேல்தான் போனது. இன்று அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிற நினைவுச் சின்னம், பக்கத்துக் கான்கிரீட் பாலத்தில் லாரி போகிறது. ஆனால் பொதிமிருகம் இந்த மலைகளை விட்டுப் போய்விடவில்லை. போடிக்கு மேலே குரங்கணி, கொட்டகுடி பக்கத்து மலைக் கிராமங்களுக்குத் தேர்தல் வந்தால் வாக்கு இயந்திரமே குதிரை முதுகில்தான் போகிறது. கொடைக்கானல் மலையில் வெள்ளகவிக்கு அரிசியும் சிமெண்டும் குதிரையில்தான் ஏறியிருக்கின்றன. இடுக்கிப் பக்கம் திரும்பினால் அய்யப்பன்கோவிலில் பெரியாற்றின் மேல் தூக்குப் பாலம், ராமக்கல்மேட்டுக்குப் பக்கத்தில் தூக்குப்பாலம் என்றே ஒரு ஊர். காட்டாறு குறுக்கிடுகிற மலையில் நடைபாலம் என்பது வேடிக்கை பார்க்கிற இடம் இல்லை, மழைக்காலத்தில் அரிசியும் மருந்தும் வருகிற ஒரே வழி.

இங்கே எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. மலைக்கிராமத்துக்கு நடைபாலம் போடும்போது மனிதன் நடக்கிற அகலத்தில், இரும்புக் கம்பிச் சல்லடைத் தளத்தில் போட்டுவிட்டால் திறப்பு விழாவுக்கு அது போதும், ஆனால் குதிரை இறங்கி ஆற்றுக்குள்ளேதான் கடக்கும், வெள்ளம் வந்தால் கரையிலேயே நிற்கும், மூட்டையை மனிதத் தலை சுமக்கும். இதைத் தவிர்க்கக் கோடிக்கணக்கில் செலவு வேண்டாம். ஒன்றரை அடி அகலம் கூட்டி, தளத்தை மூடி, அதன்மேல் வழுக்காத ரப்பர் விரிப்புப் போட்டு, மிருகத்தின் கண் உயரம்வரை பக்கவாட்டில் வலை கட்டி, பாலத்தின் இரு வாயிலும் நான்கைந்து மிருகங்கள் நின்று காத்திருக்க இடம் விட்டால் போதும். வரைபடம் போடுகிற அன்றே பொதிக்குதிரை ஓட்டுகிறவர் ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும், அவருக்குத் தெரியாத எதுவும் இந்தப் பட்டியலில் இல்லை.

கடைசியாக, சவாரி போகிறவர்களுக்கு. சுற்றுலாவுக்கு வடக்கே மலைக்குப் போய்க் குதிரை ஏறுகிறவர்கள் நம் ஊர்களிலிருந்து நிறையப் பேர் இருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன். பழகிய மிருகத்தை முன்னால் விடுங்கள், புதியது அதன் வாலைப் பார்த்துக்கொண்டே பின்னால் போய்விடும். பாலத்தின் வாயில் அரை நிமிடம் நின்று மோந்து பார்க்க விடுங்கள், கடிவாளத்தைத் தளர்த்துங்கள், தலை தாழட்டும். ஆடுகிற பாலம் என்றால் ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். கையில் பிடித்து நடத்திக்கொண்டு போனால் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது, முன்னால் நடப்பவர் இரண்டு மூன்றடி தள்ளி நடக்க வேண்டும், மிருகம் திடீரென்று பாய்ந்தால் உங்கள்மேல்தான் விழும். பொதிமிருகங்களை ஒன்றோடொன்று கட்டி ஓட்டும் அமெரிக்க மலைக்காரர்கள் நடுவில் மெல்லிய கயிற்று வளையம் ஒன்று வைப்பார்கள், ஒன்று விழுந்தால் வளையம் அறும், மற்றவை தப்பும். எதிரே மிருகக் கூட்டம் வந்தால் பாலத்தில் ஏறாதீர்கள், தடத்தில் என்றால் பள்ளத்துப் பக்கம் ஒதுங்காமல் மலைப் பக்கம் ஒதுங்குங்கள்.

நடுப்பாலத்தில் நின்றுவிட்டால் அடிக்காதீர்கள், திருப்பவும் முயலாதீர்கள், ஐந்தடியில் அது திரும்பப் பார்த்தால் பின்னங்கால் வெளியே போகும். பேசாமல் நில்லுங்கள், ஆட்டம் அடங்கட்டும், பாதி நேரம் அது நின்றதே ஆட்டம் அடங்குவதற்காகத்தான். பிறகு முன்னோடி மிருகத்தை நாலடி நகர்த்தினால் இதுவும் நகரும். அக்கரை ஏறியதும் அங்கேயே நிறுத்திப் படம் எடுக்காமல் தள்ளிப் போய் நில்லுங்கள், பின்னால் வருகிற மிருகத்தின் நான்கு காலும் கெட்டித் தரைக்கு வர இடம் வேண்டும்.